ஈரப்பலாவின் அடிக்கொப்புகள்

ஈரப்பலா மரத்தின் பால் கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. முதலில் பசும்பாலைப் போல வெள்ளையாகக் கசிந்து, சற்று நேரத்தில் பிசினாக இறுகி, அடுத்த நாள் கறுத்துப்போய், தேங்காயெண்ணெய் பூசி நகத்தால் சுரண்டினால்தான் கழன்று வரும். அதற்கு ஒரு மணமும் உண்டு. வெட்டிய வெள்ளரிக்காயையும் நனைந்த சாக்கையும் சேர்த்து முகர்ந்ததைப் போன்ற அந்தப் பச்சை மணம், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முற்றத்திலும், கராஜிலும், வாசலுக்கு முன்னாலிருந்த தார் ரோட்டிலும் ஒரு கிழமைக்கு மேல் நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. இன்றைக்கும் சந்தையில் யாராவது ஈரப்பலாக்காயை இரண்டாகப் பிளந்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் லேன்களில் ஒன்றில், ரெயில் பாதைக்குக் கிட்ட, எங்கள் வீடு இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஹெந்தளையில் இருந்தார். மாதத்தில் ஒருநாள் வருவார், சுவர்களைப் பார்ப்பார், போவார். மதிலோரத்து மூலையில் நின்ற ஈரப்பலாவை அவருடைய தகப்பன் நட்டதாம். மேலே ஒழுங்காக வளர்ந்த அந்த மரம், கீழே மட்டும் மூன்று பெரிய கொப்புகளை ரோட்டுப் பக்கமாக நீட்டிப் படர விட்டிருந்தது. அவற்றை எங்கள் வீட்டில் "அடிக்கொப்பு" என்பார்கள். ஒவ்வொரு இலையும் விரித்த இரண்டு கைகள் அளவு. காய்ந்து விழும்போது கராஜ் தகரத்தில் யாரோ செருப்பால் அடித்ததுபோலச் சத்தம் கேட்கும். லேனில் இருந்த மின்கம்பத்தின் விளக்கு அந்த இலைகளுக்குள்ளே அகப்பட்டுக் கிடந்ததால், பொழுதுபட்டபின் எங்கள் வாசலில் வெளிச்சம் என்று ஒன்று இராது; இலைகளுக்குள்ளிருந்து பச்சையாக ஏதோ கசியும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு சில்வா அன்ரிக்கு அந்தக் கொப்புகள் மீது தீராத கோபம். இலைகள் அவருடைய கூரைப் பீலியை அடைத்துவிடும். மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "மிஸிஸ், இந்த மரம் என்ட வீட்டைச் சாப்பிடுது" என்பார். அம்மா சிரித்துக்கொண்டு, "வீட்டுக்காரர் வந்தாச் சொல்லுறன் அன்ரி" என்பா. சொல்ல மாட்டா. அம்மாவுக்கு அந்த நிழல் வேண்டும். ஏனென்றால் கராஜுக்கு மேலே இருந்த சின்ன அறையில் குகன் மாமா இருந்தார். அந்த அறையின் ஒரேயொரு யன்னல் ரோட்டைப் பார்த்தது. அடிக்கொப்புகளின் இலைகள் அந்த யன்னலை முழுதாக மூடியிருந்தன.

குகன் மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வயது இருபத்திநான்கு. யாழ்ப்பாணமே ஊரோடு எழும்பி நடந்த இடப்பெயர்வுக்குப் பிறகு, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, எத்தனையோ இடங்களில் காத்துக் கிடந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். கனடாவிலிருந்த பெரிய மாமா அவரைக் கூப்பிடுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், அதுவரை எங்களோடு. வந்த மறுநாளே அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று பொலிஸில் பதிந்துவிட்டார். அப்பா, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தவர். பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிற தாய் தகப்பன்மாருடைய கதையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதே அந்த வருடங்களில் அவருக்கு வேலையாக இருந்தது. அதனால் அவருக்கு ஒரு கொள்கை. "சொன்னதைச் செய்துபோட்டு உள்ளுக்க இருப்பம்." பொலிஸ் கேட்டாலும், வீட்டுக்காரர் கேட்டாலும், தண்ணீர்க் கட்டணக்காரர் கேட்டாலும் அதுதான்.

மாமா உள்ளுக்குள்தான் இருந்தார். அந்தப் பச்சை இருட்டில் பாயில் படுத்தபடி, சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை கேட்பார். கொழும்பில் சிங்களம் தெரியாமல் இருக்கக்கூடாது என்று அப்பா சொன்னதால் அவர் கண்டுபிடித்த வழி அது. இரண்டு மூன்று மாதத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதையும், பிடி தவறுவதையும், மழையால் ஆட்டம் நிற்பதையும் சிங்களத்தில் அழகாகச் சொல்லப் பழகிவிட்டார். கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கத் தெரியாது. நானும் அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவருடைய வலது தோள்பட்டையில், முதுகுப் பக்கமாக, ஒரு குழி இருந்தது. பாக்கு அளவு. அதைச் சுற்றித் தோல் நட்சத்திரம்போல இழுபட்டிருந்தது. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் மண்ணெண்ணெய்க்குக் கியூவில் நின்றபோது "பொம்மர்" வந்து போட்ட குண்டின் சிதறல் என்று அம்மா சொல்லியிருந்தா. கிணற்றடி இல்லாத கொழும்பு வீட்டில், பின்பக்கக் குழாயடியில் அவர் குளிக்கும்போது நான் அதைப் பார்த்திருக்கிறேன். அம்மா வாசலில் நின்று, "துவாயைத் தோளில போட்டுக்கொண்டு வாடா" என்று கத்துவா. அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பொடியனுடைய உடம்பில் இருக்கிற எந்தத் தழும்பும் ஒரு கேள்விதான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கோட்டைப் பக்கம் பெரிய குண்டு வெடித்த வருடத்தில், எங்கள் லேனின் கடற்கரை முனையில் ஆமிக்காரர் காவலுக்கு நிற்கிற ஒரு "சென்றி" வந்தது. மண்மூட்டைகள், இரண்டு தார்ப் பீப்பா, மேலே தென்னோலை. அங்கே நின்ற ஆமிக்காரரில் ஒருவன் இளம் பொடியன், பெயர் பண்டார. நாங்கள் பள்ளிக்கூட வாகனத்தில் ஏறும்போது "நங்கி, கோமத?" என்று கேட்பான். நங்கி என்றால் தங்கச்சி, கோமத என்றால் எப்படி. அவனுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் இடையில் இடைவெளி. அவனுக்கு மாமாவைவிட வயது குறைவாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை கோப்ரல் ஒருவர் பண்டாரவோடு எங்கள் கேற்றடிக்கு வந்தார். அப்பா சாரத்தோடு ஓடிப்போய்த் திறந்தார். கோப்ரல் கோபமாகப் பேசவில்லை. மரத்தைக் காட்டி, ரோட்டைக் காட்டி, விளக்கைக் காட்டிச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். சென்றியில் நின்று பார்த்தால் காலி வீதி வரை தெரிய வேண்டும். இந்தக் கொப்புகள் மறைக்கின்றன. விளக்கு வெளிச்சம் ரோட்டில் விழ வேண்டும், இலைகள் மறைக்கின்றன. விளக்கின் உயரத்துக்குக் கீழே ஒரு கொப்பும் இருக்கக்கூடாது. பொழுதுபடுவதற்கிடையில் செய்து முடிக்க வேண்டும், ஆமிப் பெரியவர் பார்க்க வருகிறார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

சில்வா அன்ரி மதிலுக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர். "நான் எத்தினை வருசம் சொல்றது! இப்ப ஆமி சொன்னா மட்டும் செய்றது" என்று சந்தோஷமாகச் சிரித்தார்.

வழக்கமாக எங்கள் லேனில் தேங்காய் பறிக்க வருகிறவரை அப்பா தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஈரப்பலாவில நான் ஏற மாட்டன் ஐயா. அது சொல்லாமக் கொள்ளாம முறியும்" என்று சொல்லிப் போய்விட்டார். அப்பா திரும்பவும் காலி வீதிக்குப் போனார். மரம் வெட்டுகிற ஆட்கள் யாரும் அந்தச் சனிக்கிழமை அகப்படவில்லை. அவர் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மாமா படியிறங்கி வந்து கராஜ் வாசலில் நின்றார்.

"நான் ஏறுறன் அத்தான். வாள் ஒண்டும் கயிறும் எடுத்துத் தாங்கோ."

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தா. "நீ வெளியில நிக்கவே வேண்டாம். ரோட்டுக்கு முன்னால போய் மரத்தில ஏறப்போறியோ?"

"ஊரில பூவரசுக்கும் வேம்புக்கும் ஏறிக் குழை வெட்டினனான்தானே அக்கா. ஒரு மணித்தியால வேலை."

அம்மா அப்பாவைப் பார்த்தா. மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவ பார்த்தா. அப்பா செருப்பைக் கழற்றியபடி, யாருடைய முகத்தையும் பாராமல், "வேற ஆர் இருக்கினம்?" என்றார்.

அம்மா உள்ளே போய், அப்பா கந்தோருக்குப் போடுகிற முழுக்கைச் சேட் ஒன்றை எடுத்து வந்து மாமாவிடம் கொடுத்தா. அவர் அதைப் போட்டதும் கழுத்துப் பொத்தான் வரை தானே பூட்டிவிட்டா. "என்ன நடந்தாலும் இதைக் கழட்டாதை." மாமா சரியென்று தலையாட்டினார்.

சில்வா அன்ரி தன்னுடைய ஏணியைத் தந்தார். அதிலிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து மரத்துக்கும் மாமா ஏறியதை நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். மாதக்கணக்காகப் பாயில் கிடந்த மனிதனா இது என்று இருந்தது. கொப்பின் நுனிப் பக்கமாகக் கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கவருக்குள்ளால் போட்டு, மறுமுனையை அப்பாவின் கையில் கொடுத்தார். "இறுக்கிப் பிடியுங்கோ அத்தான். நான் சொன்னாப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ." பிறகு கொப்பின் அடியிலே கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் அரிந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலிருந்து அரியத் தொடங்கினார். ஒரேயடியாக மேலிருந்து அரிந்தால் கொப்பு தன் பாரத்தில் கிழிந்து, தாய் மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும் என்று கீழே நின்ற எங்களுக்குச் சொன்னார். வெள்ளைப் பால் வாளின் பல்லெல்லாம் வழிந்தது. முதலாவது கொப்பு கயிற்றில் ஆடி ஆடி ரோட்டில் இறங்கியபோது, சென்றியிலிருந்து பண்டார விசிலடித்தான். மாமா அவனைப் பார்த்து, கிரிக்கெட் வர்ணனைக்காரரின் குரலில், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். பண்டார வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மாவின் முகத்தில்கூட ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு வாசலில் மாமா சத்தமாகப் பேசியதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது கொப்பு பெரியது. கயிற்றை அதற்கு மாற்றிக் கட்டி, பாதிக்கு மேல் அரிந்திருப்பார். இலைகளை ஒட்டித் தைத்துக் கட்டியிருந்த முசுற்றுக்கூடு ஒன்று அவர் தோளில் உரசி உடைந்தது. சிவந்த முசுற்றெறும்புகள் கழுத்துக்குள்ளாலும் கைக்குள்ளாலும் சேட்டுக்குள் இறங்கின. முசுறு கடித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி, மற்றக் கையால் உடம்பில் அடித்துப் பார்த்தார். முடியவில்லை. பொத்தான்கள் பறக்கச் சேட்டை இழுத்துக் கழற்றிக் கீழே எறிந்தார்.

"டேய், போடடா! சேட்டைப் போடடா!" என்று அம்மா கத்தினா. கீழே விழுந்த சேட்டை எடுத்து உதறிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினா. சென்றியில் இன்னும் சிரிப்பு. அந்த நேரத்தில் காலி வீதிப் பக்கமிருந்து ஜீப் வந்து, ரோட்டில் கிடந்த முதலாவது கொப்புக்கு இந்தப் பக்கம் நின்றது. பெரியவர் இறங்கினார். சிரிப்பு நின்றது.

மாமா முதுகைக் காட்டிக்கொண்டு, தோளிலிருந்த முசுறுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் அண்ணாந்து சற்று நேரம் பார்த்தார். பிறகு தன்னுடைய தோளைத் தொட்டுக்காட்டி, "மேக்க மொக்கத்த?" என்று கேட்டார். இது என்ன என்பதுதான் கேள்வி. மாமா திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குப் பதில் இல்லை.

அப்பா கயிற்றைப் பிடித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: மனைவியின் தம்பி சேர், பதிந்திருக்கிறது சேர், அது குண்டுக் காயம் சேர், சின்ன வயதில் பட்டது. பெரியவர் அப்பாவைப் பார்க்கவில்லை. "பஹின்ட" என்றார். இறங்கு.

மாமா வாளைக் கொப்பின் கவட்டில் செருகி வைத்துவிட்டு இறங்கினார். அரிபட்ட இடத்தில் கொப்பு ஏற்கெனவே வெடித்து, அதன் பாரம் முழுக்கக் கயிற்றுக்கு வந்திருந்தது. கயிறு அப்பாவின் கையில். கொப்புக்கு நேர் கீழே அம்மா சேட்டை நீட்டியபடி நின்றா; ஜீப்பில் வந்த இரண்டு ஆமிக்காரரும் நின்றார்கள். அப்பா விட்டால் அது அவர்கள் தலையில் விழும். அதனால் அவர் அசையாமல் நின்றார். மாமா மதிலுக்கு வந்து, ஏணிக்கு வந்து, நிலத்துக்கு வந்து, கையை மேலே தூக்கச் சொன்னார்கள் தூக்கி, திரும்பச் சொன்னார்கள் திரும்பி, இயக்கப் பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று அவர்கள் தடவிப் பார்ப்பதற்காக முழங்காலையும் முழங்கையையும் காட்டி, ஜீப்புக்குப் பின்னால் ஏறும்வரைக்கும், அப்பா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் மட்டும் "சேர், சேர்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. கயிற்றைக் கேற்றுத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். அது அப்பாவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் பேனை பிடித்த மனிதர்.

அம்மா ஜீப்புக்குப் பின்னால் காலி வீதிவரைக்கும் ஓடினா. சேட்டையாவது கொடுக்கவிடச் சொல்லிக் கேட்டா. வாங்கவில்லை.

ஜீப் போனபின் கோப்ரல் வந்து, மீதியையும் வெட்ட வேண்டும் என்றார். முதல் வந்த அதே குரல், கோபம் இல்லை. பண்டார துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டு, ஏணியில் ஏறி, இரண்டாவது கொப்பை அரிந்து முடித்து, மூன்றாவதையும் கண்டபடி வெட்டித் தள்ளினான். பட்டை கிழிந்து அடிமரத்தின் பாதி தூரத்துக்கு உரிந்தது. அவன் ஒருதரம்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. கிடந்த குழையையெல்லாம் ரோட்டிலிருந்து அகற்றச் சொன்னார்கள். அம்மா ஒரு கொப்பின் அடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினா. நானும் பிடித்தேன். சில்வா அன்ரி தன் கேற்றைத் திறந்துகொண்டு வந்து, மற்றப் பக்கத்தைப் பிடித்தார். பூப் போட்ட வீட்டுச் சட்டை முழுக்கப் பால் ஒட்ட, அந்தக் கனத்த மனிசி மூச்சு வாங்க வாங்க எங்களோடு இழுத்தார். கொப்புகளில் பிஞ்சும் காயுமாக நிறைய இருந்தன. "இதை எடுத்துக்கொண்டு போங்கோ அன்ரி" என்று அம்மா சொன்னா. "எனக்கு வேண்டாம் மிஸிஸ்" என்றார் அவர். அந்தக் காய்கள் மதிலோரத்தில் கிடந்து அழுகின.

அடுத்த நாள் காலையில் நான் கண்விழித்தபோது எங்கள் முன்னறை எனக்கே பழக்கமில்லாத அறையாக இருந்தது. சுவரின் காறை வெடிப்புகள், கதிரைத் துணியின் கிழிசல், சீலிங்கில் ஒழுக்கு விட்ட பழுப்புக் கறைகள், எல்லாவற்றிலும் வெயில் விழுந்து கிடந்தது. ரோட்டால் போகிறவர்கள் நாங்கள் தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கராஜ் அறையில் வெளிச்சம் இன்னும் கூட. மாமாவின் பாய், ரேடியோ, மடித்து வைத்த இரண்டு காற்சட்டை எல்லாம் அந்த வெயிலில் ஏதோ விற்பனைக்கு வைத்த பொருட்களைப் போலக் கிடந்தன. அம்மா பழைய படுக்கை விரிப்பொன்றை நாலாக மடித்து, ஆணியடித்து, அந்த யன்னலை மூடினா. முன்னறைக்கும் தடித்த திரை தைத்துப் போட்டா.

மாமாவை முதலில் பொலிஸில் வைத்திருந்தார்கள். பிறகு வேறொரு இடம். பிறகு தெற்கே ஒரு மறியற்சாலை. வழக்கும் போடவில்லை, விடவும் இல்லை. அம்மா சாப்பாட்டுப் பார்சலோடு போவா. சிங்களத்தில் கதைப்பதற்காகச் சில்வா அன்ரி கூடவே போவார். போகும்போது தேவாலயத்துக்கு உடுக்கிற நல்ல சீலையை உடுப்பார். "இவர் நல்ல பிள்ளை, என்ட பக்கத்து வீடு" என்று வாசலில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் சொல்லுவாராம். சில நாட்களில் பார்க்க விடுவார்கள். பல நாட்களில் பார்சலோடு திரும்பி வருவார்கள். மழைக்காலத்தில் அவருடைய பீலி தண்ணீரைத் தாராளமாக ஓட்டியது. அதைப்பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்குள் அம்மாவும் அப்பாவும் கதைப்பது குறைந்துபோனது. அம்மா தேத்தண்ணியை அப்பாவின் கையில் கொடுக்க மாட்டா. மேசையில் வைத்துவிட்டுப் போவா. ஒருநாள் மட்டும், சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்தக் கயித்தை விட்டிருக்கலாம்" என்றா.

"விட்டிருந்தா உன்ர தலையிலதான் விழுந்திருக்கும்" என்றார் அப்பா.

"விழுந்திருக்கட்டும்."

அப்பா சாப்பிடாமல் எழும்பிவிட்டார். பிறகொருநாள், வாசற்படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றும்போது, எனக்கோ தனக்கோ என்று தெரியாமல் சொன்னார்: "இவ்வளவு வருசமும் கந்தோருக்கு வாற சனங்களிட்ட, கொஞ்சம் பொறுமையா இருங்கோ எண்டு சொல்லியனுப்பினனான். அது எவ்வளவு கெட்ட சொல் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

மரங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அடுத்த மழை விட்டதும், அரிபட்ட அடிகளிலிருந்து கொத்துக்கொத்தாகத் தளிர்கள் கிளம்பி, ஆளுயரம் வளர்ந்து, மறுபடி விளக்குக்குக் குறுக்கே சாய்ந்தன. மாமா ஒழுங்காக அரிந்த முதலாவது அடி மட்டும் வட்டமாகத் தோல் மூடி ஆறியிருந்தது. கிழிந்த மற்ற இரண்டிலிருந்தும்தான் அத்தனை தளிரும். கோப்ரல் மாறிப்போய் வேறொருவர் வந்திருந்தார். அவரும் வந்து மரத்தைக் காட்டினார், விளக்கைக் காட்டினார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா உள்ளே போய், கந்தோருக்குப் போவதுபோல வெளிக்கிட்டு வந்தார். வெள்ளை முழுக்கைச் சேட், மணிக்கட்டுப் பொத்தானும் கழுத்துப் பொத்தானும் பூட்டி, நீளக் காற்சட்டை, சப்பாத்து. கையில் வாள். ஐம்பதைத் தாண்டிய, வாழ்க்கையில் ஒரு கொய்யா மரத்தில்கூட ஏறியிராத என் தகப்பன், சில்வா அன்ரியின் ஏணியைக் கொண்டுவந்து மதிலில் சாத்தினார். அன்ரி இரண்டு கையாலும் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். அம்மா யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தா.

ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மதிலில் ஏறி நின்றார். ஒரு கையால் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மறு கையால் அரியத் தொடங்கினார். வாள் வழுக்கியது, மாட்டியது. சென்றியிலிருந்து பண்டார நடந்து வந்தான். மெலிந்திருந்தான். மதிலடியில் நின்று, "மாத்தயா, நீங்கள் இறங்குங்கோ, நான் வெட்டுறன்" என்று சிங்களத்தில் சொன்னான்.

"எபா" என்றார் அப்பா. வேண்டாம்.

"விழுந்திடுவீங்கள் மாத்தயா."

"எபா!"

அப்படி ஒரு சத்தத்தை அப்பாவிடமிருந்து நான் கேட்டதில்லை. லேன் முழுக்கக் கேட்டிருக்கும். பண்டார பின்னுக்குப் போகவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, அந்த மல்லி வந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டான். மல்லி என்றால் தம்பி. அம்மா அவன் முகத்தைப் பார்த்தா. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினா. அவன் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு, கீழே விழுகிற தளிர்களை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டோரத்தில் அடுக்கினான். வேலை முடியும்வரை அடுக்கினான். அப்பா இறங்கியபோது அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்து, பாலும் இரத்தமும் ஒட்டியிருந்தன. அம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, படியில் இருத்தி, அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துத் துடைத்தா. அதற்குப் பிறகு தேத்தண்ணியைக் கையில் கொடுக்கத் தொடங்கினா.

கொஞ்சக் காலத்தில் பண்டாரவை வடக்குக்கு மாற்றிவிட்டார்கள். அவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாது.

மாமாவை விட்டார்கள். வழக்குப் போடுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டது. தொடக்கத்திலும் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் அப்பாவோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். தலைமயிர் முன்பக்கம் கொட்டியிருந்தது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. எப்படி என்று அம்மா கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, எனக்குக் கேட்க வயதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கராஜ் அறைக்கு ஏறிப்போனார். நான் பின்னால் தண்ணீர்ச் செம்போடு போனேன். யன்னலில் அடித்திருந்த விரிப்பை இடது கையால் இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அம்மா வந்து, "வெயில் அடிக்குமடா" என்றா.

"அடிக்கட்டும் அக்கா" என்றார். "அங்க வெளிச்சமே இல்லை."

பிறகு அவர் அந்த யன்னலுக்கு முன்னால்தான் இருந்தார். ரேடியோவில் கிரிக்கெட் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெரிய மாமாவின் முயற்சியில் கனடாவுக்குப் போனார்; விமான நிலையத்தில்தான் அம்மா அவரைக் கடைசியாகக் கண்டது.

இப்போது அந்த லேனில் அந்த வீடு இல்லை. ஹெந்தளைக்காரரின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். மதில், கராஜ், மரம் எல்லாம் போய், அந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது, கீழே கார்கள். சென்றி இருந்த இடத்தில் மாலையில் வடை விற்கிறார்கள். சில்வா அன்ரி போய்விட்டார். அவருடைய வீடு ஏதோ விடுதி. அப்பா போய், அம்மாவும் போய்விட்டா. நான் ஹெவ்லொக் டவுனில் இருக்கிறேன். அன்றைக்கு மரத்தடியில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது மாமாவும் நானும்தான்.

போன மாதம் தொலைபேசியில் கதைத்தார். தோளில் சத்திரசிகிச்சை செய்யப் போகிறார்களாம். குளிர்காலத்தில் தாங்க முடியவில்லையாம். இந்தத் தோள் எப்படி இப்படி ஆனது என்று டொக்டர் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னனீங்கள் மாமா?"

"மரத்தால விழுந்தனான் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"எத்தினை வயசில எண்டு கேட்டவர். இருபத்திநாலு எண்டன். அந்த வயசில மரத்தில என்ன வேலை எண்டு சிரிச்சவர். நானும் சிரிச்சனான்." பிறகு, "பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறன். நீயும் ஆரும் கேட்டா அப்பிடியே சொல்லு" என்றார்.

ஓம் என்றேன். ஆனால் அவர் மரத்திலிருந்து விழவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பிலிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து ஏணிக்கும், ஏணியிலிருந்து நிலத்துக்கும், இறங்கச் சொன்னபடியே, ஒரு கால்கூடச் சறுக்காமல் இறங்கினார்.